கரையேறினால் செல்லாது

காலை எட்டு மணிக்குக் கப்பலின் ஒலிபெருக்கி கரகரத்தது. முதலில் ஹிந்தி, அடுத்து இங்கிலீஷ், கடைசியில் யாரோ எழுதிக் கொடுத்ததை எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி ஒரு தமிழ். நாளைக் காலை கப்பல் மெட்ராஸ் துறைமுகம் சேரும். பயணிகள் கைவசமுள்ள கூப்பன்களை இன்று மாலை ஆறு மணிக்குள் செலவழித்துவிட வேண்டும். கரையேறினால் அவை செல்லாது.

இன்னாசிராஜ் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார். புறப்பட்ட ஏழு நாளில், யாரும் தூக்கிவிடாமல் அவர் எழுந்து உட்கார்ந்தது இதுதான் இரண்டாவது தடவை.

கடத்தூர் மாதா ஏஜென்சீஸ் முதலாளி இன்னாசிராஜ், போன வருஷம் மாவட்டத்திலேயே அதிக மோட்டார் விற்றவர் என்று பம்ப்செட் கம்பெனி அவரையும் மனைவி ராஜமேரியையும் கப்பலேற்றி அந்தமானுக்கு அனுப்பிய கதை வாசகர்களுக்குத் தெரியும். கூட வந்த டீலர்கள் முப்பத்தெட்டுப் பேர். டிக்கெட்டும் சாப்பாடும் கம்பெனி செலவு. அதற்கு மேல் தலைக்கு நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு பச்சைக் கூப்பன் புத்தகம். பத்து ரூபாய்த் தாள் பதினைந்து. கப்பலுக்குள் எதற்கு வேண்டுமானாலும் கிழித்துக் கொடுக்கலாம். பணமாகத் திருப்பித் தரமாட்டார்கள்.

போகும்போது மூன்று நாளும் வாந்தி. போர்ட் பிளேரில் இரண்டு நாள் தரையில் கழிந்தது. வரும்போது மறுபடியும் வாந்தி. இன்னாசிராஜின் புத்தகத்தில் பதினைந்து தாளும் மடிப்புக் கலையாமல் இருந்தன.

வாசகர்களுக்குத் தெரிந்த இன்னொரு விஷயமும் உண்டு. அதைக் கப்பலில் யாரும் வாய் திறந்து பேசவில்லை. மகள் ரோசம்மாள் ஏரியூர் கோவிந்தனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. அன்றைக்குப் பென்னாகரம் ரிஜிஸ்தர் ஆபீஸ் படியில் இன்னாசிராஜும் கோவிந்தனின் அப்பா சென்றாயனும் அரை மணி நேரம் ஒரே சமயத்தில் கத்தினார்கள். அடுத்த வாரமே சென்றாயன், தான் வாங்கிய ஐந்து குதிரைச் சக்தி மோட்டாரைக் கிணற்றிலிருந்து கழற்றி, டிராக்டரில் ஏற்றிவந்து கடை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். இன்னாசிராஜ் அதை உள்ளே எடுக்கவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை.

ரோசம்மாளுக்கு இது நிறைமாதம். இன்னாசிராஜுக்கு அது தெரியும். தெரியாதவர் மாதிரி இருந்தார்.

"உன் புஸ்தகத்துல எத்தன தாளு இருக்குது?" என்று மனைவியிடம் கேட்டார்.

ராஜமேரி கட்டிலோரத்தில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். மணி உருட்டுவதை நிறுத்தாமல், செலவாகிவிட்டது என்றாள். எதற்கு என்று கேட்டார். உங்களுக்குத்தான் எலுமிச்சை சோடா வாங்கினேனே என்றாள். அது மூன்று தாள். மீதி பன்னிரண்டு என்னவாயிற்று என்று கேட்க வாயெடுத்தபோது கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பிடித்தார்.

கூப்பன் புத்தகத்தின் பின்னட்டையில், எதற்கெல்லாம் செலவழிக்கலாம் என்று ஒரு பட்டியல் இருந்தது. அதை மடியில் செருகிக்கொண்டு புறப்பட்டார்.

முதலில் சலூன். வாசலில் பதினோரு டீலர்கள் வரிசையில் நின்றார்கள். அதில் நாலு பேருக்குத் தலையில் முடியே கிடையாது. நேற்றுச் சாயங்காலம்தான் முகம் மழித்திருந்த இன்னாசிராஜ் மறுபடி மழித்துக்கொண்டார். சலூன்காரர் அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, இதற்கு மேல் எடுத்தால் தோல்தான் வரும் என்று நிறுத்திக்கொண்டார். தலைக்கு மசாஜ் உண்டு என்று தெரிந்து அதற்கும் ஒரு தாள் கிழித்தார்.

அடுத்தது சலவை. பெட்டியில் கட்டாமலே கிடந்த இரண்டு வேட்டியைக் கொண்டுபோய்ப் போட்டார். கூடவே ஒரு துண்டையும் போட்டார். சலவைக்காரர் துண்டைப் பிரித்துப் பார்த்து, இது கப்பல் துண்டு என்று எடுத்து வைத்துக்கொண்டார்.

போட்டோவுக்கு ராஜமேரியையும் கூட்டிப் போனார். கப்பல் பெயர் எழுதிய ரப்பர் வளையத்தை நடுவில் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். போட்டோக்காரர் இன்னும் நெருங்கி நிற்கச் சொன்னார். நெருங்கினார்கள். இன்னும் என்றார். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் நாலு பேர் முன்னால் அவ்வளவு நெருங்கி அவர்கள் நின்றதில்லை. ராஜமேரி முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டதை இன்னாசிராஜ் பார்த்தார். குளிருகிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். மணி என்ன ஆகிறது என்று மட்டும் கேட்டாள்.

அன்று காலையிலிருந்து அவள் மணி கேட்டது அது ஐந்தாவது தடவை.

கப்பல் கடையில் பிஸ்கட் டப்பா, சோப்பு, பவுடர் எல்லாம் தீர்ந்திருந்தன. அரூர் டீலர் முனியப்பன் கடைசி எட்டு பவுடர் டப்பாவையும் மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். மிச்சமிருந்தவை கப்பல் படம் போட்ட சாம்பல் கிண்ணமும் ரப்பர் நீச்சல் தொப்பியும்தான். இன்னாசிராஜ் பீடி சிகரெட் தொடாதவர். கடத்தூரில் நீச்சலடிக்கிற அளவுக்குத் தண்ணீர் இருந்தது எந்த வருஷம் என்று அவருக்கே நினைவில்லை. இரண்டிலும் இரண்டிரண்டு வாங்கினார்.

மேல்தளத்தில் நாற்காலி வாடகை ஒரு தாள். உட்கார்ந்ததும் குமட்டியது. எழுந்துவிட்டார்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவரிடம் இரண்டு தாள் மிச்சம். பட்டியலில் ஒன்றே ஒன்று பாக்கி. ரேடியோ டெலிபோன். கடைக்கு ஒரு போன் போட்டு, மகன் கஸ்பார் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறானா, ஊர் சுற்றுகிறானா என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது. மூன்று நிமிஷத்துக்கு நாலு தாளாம். இரண்டு தாளுக்கு ஒன்றரை நிமிஷம் தரமாட்டார்களா என்று பேரம் பேசிப் பார்க்க ஏணிப்படி ஏறினார்.

அன்று காலை ஐந்து மணிக்கே ஏரியூரில் ரோசம்மாளுக்கு வலி எடுத்துவிட்டது. பால் சொசைட்டி வேனில் ஏற்றிப் பென்னாகரம் போனார்கள். அங்கிருந்து தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். கூடப் போனது கோவிந்தனும் அவன் அம்மா தீர்த்தம்மாளும். மாடு இரண்டும் சென்றாயனும் வீட்டில்.

பத்து மணிக்குத் தபால்காரர் வந்து, ரோசம்மாளை மூன்று மணிக்குப் போஸ்டாபீசுக்கு வரச் சொல்லி போஸ்ட்மாஸ்டரம்மா நஞ்சம்மாள் சொன்னதாகச் சொன்னார். போன் வருகிறதாம். கூப்பிடுவது கடத்தூர் ராஜமேரியம்மாள். கப்பலிலிருந்து.

கடலில் கம்பி எப்படிப் போட்டார்கள் என்று சென்றாயன் கேட்டார். தபால்காரருக்கும் தெரியவில்லை. அவளுக்குப் பதிலாகப் போகிற உத்தேசமே சென்றாயனுக்கு இல்லை. அந்தக் குடும்பத்தோடு தனக்கு என்ன பேச்சு என்று சொல்லி அனுப்பினார்.

பகல் ஒரு மணிக்குப் பஸ் கண்டக்டர் ஒருவர் கோவிந்தன் எழுதிய சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். சென்றாயனுக்குக் கையெழுத்துப் போட வரும், படிக்க வராது. சீட்டோடு போஸ்டாபீசுக்கே நடந்தார். நஞ்சம்மாள் படித்துச் சொன்னாள். ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கலாம், ரத்தம் தயாராக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். ரோசாவுக்கு நெகட்டிவ் வகை. லேசில் கிடைக்காது. அவள் அப்பாவுக்கும் அதே வகை என்று அவளே சொல்கிறாள். இங்கேயும் தேடுகிறோம்.

சென்றாயன் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு இரண்டு மணிக்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

இந்தப் போன் சாதாரணப் போன் இல்லை என்று நஞ்சம்மாள் விளக்கினாள். ஒருவர் பேசும்போது மற்றவர் பேசினால் காதில் விழாது. பேசி முடித்ததும் ஓவர் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் எதிராளி பேசலாம்.

"அவரு பேசி முடிக்கற வரைக்கும் நான் கம்முனு கேக்கணுங்களா?" என்றார் சென்றாயன், இன்னாசிராஜை நினைத்து.

"கேட்டுத்தானுங்க ஆவணும்."

சென்றாயன் சற்று யோசித்தார். அப்புறம், அவருக்கும் இதே சட்டம்தானா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ரேடியோ அறையின் கதவைத் திறந்த இன்னாசிராஜ் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே ஸ்டூலில் ராஜமேரி உட்கார்ந்திருந்தாள். கையில் போன். மேஜையில் அவளுடைய பன்னிரண்டு பச்சைத் தாள்களும் ஊசி குத்தி வைக்கப்பட்டிருந்தன.

காதுமாட்டியோடு இருந்த ரேடியோ ஆபீசர், தூத்துக்குடிக்காரர், கதவைச் சாத்தும்படி கைகாட்டினார். லைன் வந்துகொண்டிருக்கிறது என்றார். ராஜமேரி கணவனைப் பார்த்தாள். காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தது நடந்துவிட்டதும் பயம் போய்விட்டது போலிருந்தது அவள் முகம். திரும்பி, பேசும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டிய போன் பித்தானை அழுத்தினாள்.

"ரோசா, அம்மா பேசறங்கண்ணு. ஒடம்பு எப்பிடி இருக்குது? ஓவர்."

மேஜை மேலிருந்த பெட்டி இரைந்தது. அதற்குள்ளிருந்து மெதுவாக, கனமாக, ஓர் ஆண் குரல் வந்தது.

"நான் சென்றாயன் பேசறனுங்க. ரோசாவ தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போனமுங்க." குரல் நின்றது. மூச்சு விடுவது கேட்டது. "ஓவர்."

ராஜமேரியின் கையிலிருந்து போன் நழுவியது. ஓவர் என்று சொல்ல வேண்டும் என்று ரேடியோ ஆபீசர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். எதிராளியும் சொல்வார் என்று சொல்லவில்லை. இன்னாசிராஜுக்கோ அதுவும் தெரியாது. மகள் பெயர், ஆஸ்பத்திரி, ஓவர். மூன்றும்தான் அவர் காதில் விழுந்தன. கதவின் பித்தளைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"ஓவருன்னா என்னாங்க சார்?" என்றாள் ராஜமேரி.

"பேச்சு முடிஞ்சதுன்னு அர்த்தம்மா," என்றார் ரேடியோ ஆபீசர்.

அதைக் கேட்டதும் அவள் ஸ்டூலிலிருந்து தரையில் சரிந்துவிட்டாள். தான் சொன்னது எப்படிக் கேட்டிருக்கும் என்று அவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பதறிப்போய்க் காதுமாட்டியைக் கழற்றிவிட்டு, அந்தப் பெரியவர் பேசி முடித்துவிட்டார், இனி நீங்கள் பேசலாம், அவ்வளவுதான் என்று மூன்று விதமாகச் சொன்னார். மூன்றாவது விதம்தான் அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் அழுகை வந்தது. பேச முடியவில்லை.

போனை இன்னாசிராஜ் எடுத்தார். பித்தானை அழுத்தினார்.

"நான் இன்னாசிராஜு."

ஓவர் சொல்லத் தோன்றவில்லை. பித்தானை விட்டுவிட்டுக் காத்திருந்தார். ஏரியூரில் சென்றாயனும் காத்திருந்தார், ஓவர் சொல்லாமல் பேசக்கூடாதே என்று. ராஜமேரியின் தாள்கள் ஒரு முழு நிமிஷம் சத்தமில்லாமல் கரைந்தன. ரேடியோ ஆபீசர் குனிந்து தானே ஓவர் சொன்னார்.

காலையில் வலி எடுத்ததையும், பென்னாகரத்திலிருந்து தருமபுரிக்கு அனுப்பியதையும், கூடப் போனவர்களையும் சென்றாயன் சொன்னார். ரோசம்மாள் நடந்தே வேனில் ஏறினாள் என்றும் சொன்னார். ஓவர்.

ஆபத்தில்லை என்று தோன்றியவுடன் இன்னாசிராஜுக்குக் கோபம் வந்துவிட்டது. ஒன்றரை வருஷமாகச் சேர்த்து வைத்த கோபம். பித்தானை அழுத்திக்கொண்டு கொட்டினார். ஒரு வாரம் முந்தியே தருமபுரியில் கொண்டுபோய் வைக்கத் தெரியாதா? பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா? வாசலில் மோட்டாரை இறக்கிவிட்டுப் போகிற மனுஷனுக்கு மருமகளைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா? வழக்கமாக இரண்டாவது வரியிலேயே சென்றாயன் குறுக்கே பாய்ந்திருப்பார். அவர் குரலை அமுக்க இவர் குரலை உயர்த்துவார். இங்கே குறுக்கே ஒன்றும் வரவில்லை. எதிர்ப்பில்லாமல் ஒன்றரை நிமிஷம் திட்டிப் பார்த்த பிறகு, திட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று இன்னாசிராஜ் கண்டுகொண்டார். ஓவர் என்றார்.

பெட்டி இரைந்தது.

"எல்லாத்தயும் கேட்டுக்கிட்டனுங்க," என்றார் சென்றாயன். "அன்னிக்கு ரிஜிஸ்தர் ஆபீசு படியில நின்னு நீங்க என்னமோ சொன்னீங்க. நானும் கத்திக்கிட்டு இருந்ததுல எங்காதுல வுழல. என்ன சொன்னீங்கன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாதுங்க. ஓவர்."

இன்னாசிராஜ் போனைப் பார்த்தார். ராஜமேரி தரையிலிருந்து அவரைப் பார்த்தாள். அவளுக்கும் அது தெரியாது.

"எம்பொண்ணுக்குக் கெணத்துத் தண்ணி ஒத்துக்காது, காய்ச்சிக் குடுங்கன்னு சொன்னன். ஓவர்."

பெட்டி மறுபடி இரைந்தது.

"காய்ச்சித்தாங்க குடுக்கறோம். அந்தப் பொண்ணே சொல்லிருச்சு. எங்க வூட்டுல இப்ப எல்லாருமே அதத்தான் குடிக்கறோம். ஓவர்."

 இன்னாசிராஜ் தனக்குத் தெரிந்த விஷயத்துக்குத் தாவினார். இப்போது என்ன மோட்டார் ஓடுகிறது என்று கேட்டார். சேலத்தில் வாங்கியது, அரை மணி நேரத்தில் சூடாகி நின்றுவிடுகிறது என்றார் சென்றாயன். எத்தனை அடி ஆழம் என்று கேட்டார் இன்னாசிராஜ். தொண்ணூறு என்றார். தொண்ணூறுக்கு அந்த மோட்டார் எப்படி இழுக்கும், எந்த மடையன் கொடுத்தான் என்று இன்னாசிராஜ் கேட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு ஓவர். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு ஓவர். வங்காள விரிகுடாவின் நடுவில், மூன்று நிமிஷத்துக்கு நாலு தாள் என்கிற வாடகையில், இரண்டு பேரும் மோட்டார் பேசினார்கள். ராஜமேரி எழுந்து கணவனின் முழங்கையில் கிள்ளினாள்.

ரேடியோ ஆபீசர் ஒரு விரலைக் காட்டினார். இன்னும் ஒரு நிமிஷம்.

சட்டைப் பையில் இருந்த சீட்டைச் சென்றாயன் அதுவரை எடுக்கவில்லை. இந்த ஆளிடம் போய்க் கேட்பதா என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தார். நஞ்சம்மாள் கடிகாரத்தைக் காட்டியதும் வேறு வழியில்லாமல் கேட்டுவிட்டார்.

"ஒண்ணு கேக்கணுமுங்க. டாக்டரு ரத்தம் வேணும்னு சொல்றாராம். நெகட்டிவ்வு. உங்க வகையாம். லேசுல கெடைக்காதாமுங்க. ஓவர்."

"நான் கடல்ல இருக்கறன்," என்றார் இன்னாசிராஜ். சொல்லும்போதே அவர் குரல் மாறிவிட்டது. "கஸ்பாருக்கும் அதே வகதான். காலேஜுல பாத்தாங்க. அவன உடனே அனுப்பறன். ஓவர்."

"சீக்கிரமுங்க சம்பந்தி. ஓவ..."

பெட்டி அடங்கிவிட்டது.

சம்பந்தி என்ற வார்த்தையை அதற்கு முன் இரண்டு பேரும் சொன்னதில்லை. அதை நினைத்துப் பார்க்க இப்போது நேரமில்லை. கடத்தூருக்கு உடனே ஒரு போன் என்றார் இன்னாசிராஜ். நாலு மணிக்கு ஒரு லைன் கேட்டுப் பார்க்கலாம், நாலு தாள் வேண்டும் என்றார் ரேடியோ ஆபீசர். இன்னாசிராஜ் மடியைத் துழாவினார். இரண்டு. பணமாகத் தருகிறேன், எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன் என்றார். ஆபீசருக்கு மனசில்லாமல் இல்லை. ஆனால் பணம் வாங்க அவருக்கு அதிகாரம் கிடையாது. பதிவுத் தாளோடு கூப்பன் இருந்தால்தான் லைன் கேட்க முடியும். கணக்கு பார்க்கிற பர்சர் ஆபீசும் ஐந்து மணிக்குத்தான் திறக்கும்.

முகத்தில் எரிச்சல் இன்னும் இருந்தது. அந்த ஒரு சவரத்துக்கு ஒரு தாள். தலை மசாஜுக்கு ஒரு தாள். நீச்சல் தொப்பிக்கு எத்தனை என்று நினைக்கவே இன்னாசிராஜுக்குக் கூசியது.

சாப்பாட்டுக் கூடத்தில் டீலர்கள் தம்போலா ஆடிக்கொண்டிருந்தார்கள். மைக்கில் ஒருவர் எண்களைக் கூவிக்கொண்டிருந்தார். இன்னாசிராஜ் வாசலில் நின்றார். ஏறின அன்றைக்கு இதே கூடத்தில் எல்லோரும் அவரவர் பிள்ளைகளைப் பற்றிப் பேசியபோது, தனக்கு ஒரே பையன் என்று அவர் சொல்லியிருந்தார். சொல்லும்போது ராஜமேரி பக்கத்தில்தான் இருந்தாள்.

எண் கூவுகிறவரிடம் போய் மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"எம்பொண்ணு பிரசவத்துக்கு ஆஸ்பத்திரில இருக்குதுங்க. ரத்தம் வேணும். ஊருக்குப் போன் போடக் கூப்பன் ரெண்டு தாளு கொறையுது."

அட்டையில் எண் அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். முன்வரிசையில் இருந்த அரூர் முனியப்பன்தான் வாய் திறந்தார்.

"உங்களுக்குப் பொண்ணு இருக்குதுங்களா?"

"இருக்குது," என்றார் இன்னாசிராஜ். "பேரு ரோசம்மா. ஏரியூருல குடுத்திருக்கறோம்."

கொடுத்திருக்கிறோம் என்ற சொல்லைக் கேட்டு ராஜமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் பின்னாலேயே வந்து நின்றது அவருக்குத் தெரியாது.

அன்று காலையிலிருந்து கூப்பனை எதில் தொலைப்பது என்று அலைந்துகொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும். எட்டுப் பவுடர் டப்பா வாங்கியும் முனியப்பனிடம் நாலு தாள் மிச்சமிருந்தது. தேனிக்காரர் ஒருவர் ஒரு தாளைக்கூடக் கிழிக்காமல் வைத்திருந்தார். நான், நீ என்று ஏணிப்படியில் ஏறினார்கள். ஒவ்வொரு தாளிலும் அறை எண் எழுதியிருக்கிறது, அந்தந்த அறைக்காரர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஆபீசர் சொன்னதால், கொடுத்தவர்கள் எல்லோரும் உள்ளே வந்து போட்டுவிட்டு அங்கேயே நின்றார்கள். இரண்டு பேர் நிற்க வேண்டிய அறையில் ஒன்பது பேர். மேஜையில் பத்துத் தாள் சேர்ந்துவிட்டது.

நாலு மணிக்கு லைன் கிடைக்கவில்லை. வேறொரு கப்பல் பேசிக்கொண்டிருந்தது. நாலு பத்துக்கும் கிடைக்கவில்லை. ராஜமேரியின் விரல்கள் மணி உருட்டின. இன்னாசிராஜ், கடத்தூரிலிருந்து தருமபுரிக்கு எந்தெந்த நேரத்தில் பஸ் என்று முனியப்பனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னதையே சொன்னார். முனியப்பன் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்கிற மாதிரி தலையாட்டினார்.

நாலு இருபதுக்குப் பெட்டி இரைந்தது.

"மாதா ஏஜென்சீஸ், கடத்தூருங்க," என்றது ஒரு பெண் குரல். சின்ன வயசுக் குரல். "சொல்லுங்க. ஓவர்."

மெட்ராஸில் லைன் கொடுத்தவர்கள் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். இன்னாசிராஜ் ரேடியோ ஆபீசரைப் பார்த்தார். ராங் நம்பரோ என்று ஒரு சந்தேகம். ஆனால் கடை பெயரைச் சரியாகச் சொன்னாளே.

"இன்னாசிராஜு பேசறன். கஸ்பார்கிட்டக் குடும்மா, அவசரம். ஓவர்."

"அப்பாங்களா, வணக்கமுங்க. அவரு பதினோரு மணி பஸ்ஸுக்கே தருமபுரி போயிட்டாருங்க. கோவிந்தன் மாமா ஆஸ்பத்திரிலருந்து கடைக்குப் போன் பண்ணுனாருங்க. ரத்தம் ஒரு மணிக்கே குடுத்துட்டாரு. இப்ப நல்லாத்தான் இருக்காரு. மாசாமாசம் ஏரியூரு போயி வர்றவருதானுங்களே, அக்காவுக்குன்னா சும்மா இருப்பாருங்களா. ஓவர்."

மாசாமாசம் கஸ்பார் போனது சேலத்துக்குக் கொள்முதலுக்கு என்றுதான் இன்னாசிராஜ் நினைத்திருந்தார். அதைப் பற்றி இப்போது கோபப்பட அவருக்குத் தோன்றவில்லை. ராஜமேரி போனுக்குள் எட்டிப் பேசினாள்.

"ரோசா எப்பிடி இருக்குதுங்கண்ணு? ஓவர்."

"அதச் சொல்ல மறந்துட்டன் பாருங்க. ரெண்டு மணிக்குப் பொண்ணு பொறந்திருக்குதுங்கம்மா. ரெண்டே முக்கால் கிலோ. ஆபரேசன்தான். அக்கா கண்ணு முழிச்சுப் பேசிட்டாங்களாம். கொழந்தைக்கு நம்ம கடத்தூருத் தாத்தா மூக்காமுங்க. ஓவர்."

ஒன்பது பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். முனியப்பன் இன்னாசிராஜின் முதுகில் அறைந்தார். தேனிக்காரர் ஆபீசருக்கே கை கொடுத்தார். ராஜமேரி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, போட்டதையே மறந்து மறுபடியும் போட்டாள். இன்னாசிராஜ் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்து, வேண்டுமானால் இன்னும் மூன்று நிமிஷம் நீட்டலாம், தாள் இருக்கிறது என்றார். நீட்டுங்கள் என்றார்கள் எல்லோரும்.

ஏரியூர் போஸ்டாபீசுக்கு உடனே ஒரு போன் போட்டுச் சென்றாயனிடம் விஷயத்தைச் சொல்லிவிடும்படி இன்னாசிராஜ் சொன்னார். அந்த மனுஷன் அங்கேயே உட்கார்ந்திருப்பார், கிளம்பியிருக்க மாட்டார் என்றார். நாளைக்குக் கரையேறியதும் நேராகத் தருமபுரி ஆஸ்பத்திரிக்கு வருகிறோம், கடத்தூருக்கு வரவில்லை என்றும் சொல்லச் சொன்னார். சரிங்க அப்பா என்று எல்லாவற்றையும் அவள் ஒரு தடவை திருப்பிச் சொன்னாள். பிசகு இல்லாமல் சொன்னாள். போன வாரம் வந்த ஒரு பில்லில் பைப் விலை தப்பாகப் போட்டிருந்ததைத் திருத்தி அனுப்பிவிட்டதாகவும், கூடவே அதையும் சொன்னாள்.

அப்போதுதான் ராஜமேரிக்கு உறைத்தது. கணவன் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"நீ யாரு கண்ணு? ஓவர்."

 ஒன்பது பேரும் பெட்டிப் பக்கம் காதை நீட்டினார்கள்.

"கல்லாச் சாவி எங்கிட்டத்தான் பத்திரமா இருக்குதுங்கம்மா, அதுக்கு ஒண்ணும் பயப்படாதீங்க," என்றது குரல். கொஞ்சம் தயங்கியது. "எங்க விசயத்த நீங்க வந்ததும் அவரே சொல்றன்னாருங்க. ஓவர்."

இன்னாசிராஜ் போனைப் பிடுங்கிப் பித்தானை அழுத்தினார். வாயைத் திறந்தார். கேட்க வேண்டியவை ஏழெட்டு ஒரே நேரத்தில் முண்டியடித்தன. அழுத்திய விரலை அவர் எடுக்கவே இல்லை. அவர் பேசவும் இல்லை. அவர் விரல் அழுத்தியிருந்த வரை அந்தப் பக்கத்துப் பேச்சும் வர வழியில்லை. கடத்தூரில் அந்தப் பெண் பொறுமையாகக் காத்திருந்தாள். முழுசாக ஒன்றரை நிமிஷம் அப்படியே போய், லைன் தானாகக் கட்டாகியது.